கிளிஃப் தலையில் இன்னும் ஆறு நிமிஷம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா டை கட்டியிருந்தார். சாவு வீட்டுக்குப் போகும்போது கட்டுவாரே, அந்தக் கறுப்பு டை. யாரும் சாகவில்லை, போன் பேசுவதற்காகக் கட்டியிருந்தார். நீ போன பிறகு நான் முதலில் கவனித்தது இதைத்தான். ஆனால் கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று நீ சொல்லித் தந்திருக்கிறாய். ஆகவே, ஷெட்லாந்துத் தீவுக் காற்று உன்னை இன்னும் கடலுக்குள் தூக்கிப் போடவில்லை என்றும், நீ சமைத்துப் போடும் சால்மன் மீன் பண்ணைக்காரர்கள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் பிஸ்கட்டும் சுகம். மூவரில் பிஸ்கட்தான் கூடுதல் சுகம்; நாய்க்கு வழக்கு கிடையாது.

நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் நான் "ம்", "சரி" என்று இரண்டே வார்த்தையோடு போனை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று உனக்கு வருத்தம். என்னிடம் சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்துவிடாதே. உன் குரல் காதில் விழுந்ததும் என் தொண்டை நண்டுக்கூடை மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே போனது வெளியே வராது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எழுந்து நின்று வாசி, வாசி என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் பள்ளிக்கூடத்தையே விட்டு நின்றேன். மீன் வறுவல் கடையில் யாரும் வாசிக்கச் சொல்வதில்லை. உப்பு வேண்டுமா, வினிகர் வேண்டுமா என்று கேட்டால் போதும். அதையும் முதலாளியம்மா பிரெண்டாவே கேட்டுவிடுகிறார். நான் பொட்டலம் மடிக்கிறேன். எழுதுவது பொட்டலம் மடிப்பது மாதிரி. யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

டைக்கு வருகிறேன். கதை உனக்கும் தெரிந்ததுதான். மெக்கானிக் கிளிஃப் ஹார்கர் நம் படகுக்கு என்ஜின் மாற்றி வைத்தது, ஃபிளம்பரோ முனையைத் தாண்டியதும் அது பிடித்துக்கொண்டு நின்றது, படகு பாறையில் வயிறு கிழித்துக்கொண்டது, அத்தனை வருஷம் அப்பாவோடு ஒரே மேசையில் டொமினோ ஆடிய கிளிஃப் "என் வேலையில ஒரு குத்தமும் இல்ல நெவில், உனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னது, அப்பா வழக்குப் போட்டது, அந்த வழக்கு நம் வீட்டுக்கு நாலாவது ஆளாகக் குடிவந்து சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியையும் பிடித்துக்கொண்டது, கோப்புக் கட்டுகள் ஏறி ஏறி அதற்குத் தலைகூட முளைத்துவிட்டது. நீயும் எவ்வளவு நாள்தான் பொறுப்பாய்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "நெவில், இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். அது கெளம்புன அன்னிக்குச் சொல்லியனுப்பு, வரேன்" என்றாய். அப்பா அன்றைக்கும் போனில்தான் இருந்தார். உனக்கு ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று. நீ நிற்கவில்லை.

நீ போன பிறகுதான் டை வந்தது. ஹல் நகரத்தில் நம் வக்கீல் மிஸ் பெல்வுட் இருக்கிறார் அல்லவா, அவரிடம் பேசும்போதெல்லாம் அப்பா டை கட்ட ஆரம்பித்தார். "சட்டத்தோட பேசறப்ப கழுத்து மூடியிருக்கணும் புள்ள" என்றார். வாரத்துக்கு ஒரு தடவை பேசியவர் தினமும் பேசினார். வழக்கைப் பற்றி மட்டும் என்றால் பரவாயில்லை. பிஸ்கட்டின் காதுப் புண், தூண்டில் இரை விற்கிற விலை, கடற்பறவைகளுக்கு வந்திருக்கும் திமிர், டொமினோவில் கிளிஃப் எப்படிக் கட்டையைக் கைக்குள் ஒளிப்பான் என்று எல்லாம். ஒரு நாள் "கெட்டில் கொதிக்கற வரைக்கும் அப்படியே இருங்க" என்று வக்கீலைக் காத்திருக்க வைத்தார். இன்னொரு நாள் நீ செய்யும் இஞ்சிக் கேக்கை எப்படிச் செய்வது என்று முழுசாகச் சொன்னார், அதிலும் வெல்லப்பாகு எவ்வளவு என்று மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து. போனை வைத்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பார்: "கிளிஃப் தலையில இன்னும் ஆறு நிமிஷம்!"

ஏனென்றால் வக்கீல்கள் நேரத்தை ஆறு ஆறு நிமிஷமாக நறுக்கித்தான் பில் போடுவார்களாம். தோற்றவன் ஜெயித்தவனின் செலவைக் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். நாம்தான் ஜெயிக்கப்போகிறோம். ஆகவே அப்பாவின் கணக்கில், அவர் பேசுகிற ஒவ்வொரு ஆறு நிமிஷமும் கிளிஃபின் பையிலிருந்து போகிறது. பழிவாங்க இதைவிடச் சுகமான வழி உண்டா, உட்கார்ந்த இடத்தில், தேநீரோடு?

நேற்று மத்தியானம் மிஸ் பெல்வுட்டே கூப்பிட்டார். அப்பா அவசரமாக டைக்கு முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை மேசையில் வைத்து, குரல் வெளியே கேட்கும்படி செய்தார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ்டர் ஸ்டாதர்ஸ், அந்தப் பக்கம் முப்பத்தெட்டாயிரம் பவுண்டு தரேன்னு எழுதியிருக்காங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"நான் கேட்டது நாப்பத்தஞ்சு. கோர்ட்டுக்கே போவோம். இழுக்கட்டும், நல்லா இழுக்கட்டும். அவன்தான கட்டப் போறான்."

"எதைக் கட்டப் போறார்?"

"உங்க பில்லத்தான். நாய்க் காதுலேருந்து எல்லாத்தையும்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் ஸ்டாதர்ஸ், இது சின்ன வழக்கும் இல்ல, பெரிய வழக்கும் இல்ல, நடுத்தரம். இந்த மாதிரி வழக்குக்கெல்லாம் ஒரு அட்டவணை இருக்கு. எவ்வளவு சிக்கல்னு பாத்து நாலு படியில ஒண்ணுல வைப்பாங்க. நம்மளது ரெண்டாவது படி. அப்புறம் எந்தக் கட்டம் வரைக்கும் வழக்கு போச்சுன்னு பாப்பாங்க. அதுக்கு அட்டவணையில என்ன போட்டிருக்கோ, ஜெயிச்சவங்களுக்கு அதுதான் கெடைக்கும். நீங்க என்கிட்ட ஒரு தடவ பேசினாலும் அதே, நூறு தடவ பேசினாலும் அதே."

"அப்போ மிச்சம்?"

"மிச்சம் உங்களுது."

"ஜெயிச்சாலுமா?"

"ஜெயிச்சாலும்தான். முதல் நாளே சொன்னேனே. நீங்க 'தெரியும் தெரியும்'னு சொல்லிட்டு நாய் கதைக்குப் போயிட்டீங்க."

அம்மா, எனக்கு உடனே புரிந்துவிட்டது, எங்கள் கடை விலைப் பலகையைத் தினமும் பார்ப்பதால். விரலை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு மீனை வாங்கிப் போகிறவருக்கும் ஒரே விலைதான், தன் இடுப்பு ஆபரேஷனை முதல் தையலிலிருந்து சொல்லிவிட்டு வாங்கிப் போகிறவருக்கும் ஒரே விலைதான். இடுப்பைக் கேட்ட நேரம் பிரெண்டாவின் தலையில். இங்கே அப்பாதான் பிரெண்டா. அப்பாவேதான் இடுப்பும்.

அப்பா முடிச்சை விட்டுவிட்டார். டை ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. "வேணாம்னு சொல்லிட்டுக் கோர்ட்டுக்குப் போனா?" என்று கேட்டார், சின்னக் குரலில்.

"நீதிபதி முப்பத்தெட்டுக்கு மேல குடுத்தா நல்லது. குடுக்கலன்னா, நாளைக்கு அப்புறம் அவங்களுக்கு ஆகற செலவயும் அட்டவணைப்படி நீங்கதான் கட்டணும்."

"சரின்னு சொன்னா?"

"இதுவரைக்கும் வந்த கட்டத்துக்கு அவங்க கட்டிடுவாங்க. நீங்க பேசினதுக்கு உள்ளது மட்டும் உங்க பணத்துலேருந்து போகும். போனாலும் புது என்ஜினுக்கும் அடிப்பலகைக்கும் போதும்."

"பெயிண்டுக்கு?"

"பெயிண்டுக்குப் போதாது." பிறகு அவர், வக்கீல் குரலில் இல்லாமல், கேட்டார்: "மிஸ்டர் ஸ்டாதர்ஸ், இதுக்கு முன்னாடி இதெல்லாம் யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

அப்பா சன்னலைப் பார்த்தார். "வீட்டுக்காரிகிட்ட" என்றார். கொஞ்சம் கழித்து, "அவ காசு வாங்கினதில்ல."

"நான் வைக்கறேன். இந்தப் பேச்ச பில்லுல எழுதிக்க மாட்டேன்" என்று சொல்லி மிஸ் பெல்வுட் வைத்துவிட்டார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோவில் கடல் வானிலை சொல்வார்களே, படகு தரையில் கிடந்தாலும் அப்பா அதை விடுவதில்லை. முன்பெல்லாம் 'ஹம்பர்' என்று நம் கடல் வந்ததும் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். இப்போது அணைப்பதில்லை. தெற்கே போய், மேற்கே சுற்றி, அயர்லாந்தையும் தாண்டி, கடைசியில் 'ஃபேர் ஐல்' என்று உன் பக்கத்துக் கடல் வரும்வரை இருவரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். பலத்த காற்று என்றால் அப்பா "ம்" என்பார். மிதமான காற்று என்றாலும் "ம்" என்பார். நான் யாரைக் கொண்டு பிறந்தேன் என்று அப்போது தெரிகிறது. பிறகு அவர் நாயோடு வெளியே போவார். நான் கதவுக்குப் பின்னால் தொங்கும் உன் நீல வீட்டங்கிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அதில் உன் வாசனை போய் இப்போது என் வறுவல் கடை வாசனைதான் வருகிறது. அது என் தப்புதான், அடிக்கடி நிற்கிறேன்.

இத்தனைக்குப் பிறகாவது அப்பா சரி என்பார் என்று நினைத்தேன். இன்று காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "காசு போனா போகுது. கிளிஃப் கோர்ட்டுல நின்னு என் மூஞ்சியப் பாத்துத் தீர்ப்பக் கேக்கணும். அதுக்கு எந்த அட்டவணையும் கெடையாது." டையோடேயே பிஸ்கட்டைக் கூட்டிக்கொண்டு துறைமுகச் சுவருக்குப் போய்விட்டார். விசாரணை அடுத்த வருஷம்தான் வருமாம்.

ஆகவே அம்மா, நீ இப்போதைக்கு வர வேண்டாம். உன் நாற்காலி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள். பண்ணைக்காரர்களுக்கு என் வணக்கத்தைச் சொல், அவர்கள் என்னிடம் பேச வேண்டியதில்லை என்றும் சொல். காற்று உன் பக்கம் மிதமாகவே வீசட்டும்.

உன் அன்பு மகள்,
ஐவி

பின்குறிப்பு: தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா உள்ளே வந்தார். "அம்மாவுக்கா? இத்தனை பக்கமா? எத்தன தலை ஒட்டணும்?" என்றார். நான் ஒரு விரலைக் காட்டினேன். "எவ்வளவு எழுதினாலும் ஒண்ணுதானா!" என்று சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"வர வேண்டாம்னு எழுதியிருக்க. யாரு எழுதச் சொன்னா?"

"அது இன்னும் கெளம்பலயே" என்றேன், கோப்புகள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் காட்டி. இந்த வருஷம் நான் வாய்விட்டுச் சொன்னதில் நீளமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போனார். பிறகு கோப்புக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்தார். பிஸ்கட் வந்து அவற்றின் மேல் படுத்துக்கொண்டது. நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"ஐவி, வக்கீல்கிட்ட நான் பேசினா நாய்க் காதுல ஆரம்பிச்சு இஞ்சிக் கேக்குல போய் நிப்பேன். நீ பேசு. இந்தக் கடற்கரையிலேயே உன்ன மாதிரி மலிவாப் பேசற ஆள் கெடையாது. 'அப்பா சரின்னுட்டார்'னு சொல்லு, போதும். 'சரி' உனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான? நான் பக்கத்துலயே நிக்கறேன்."

டையைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் அதை எடுத்து என் கழுத்தில் கட்டிக்கொண்டு, எண்ணை அழுத்தினேன்.