மிளகாய் மெஷினில் அரைத்த சத்துமாவு

ஒரு தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்ட ஆணை வீட்டு வேலைக்கு அனுப்பவே கூடாது. ஒன்றும் தெரியாதவனை அனுப்பலாம். நாலு பேரைக் கேட்டு, திட்டு வாங்கி, எப்படியோ ஒழுங்காகச் செய்துவிட்டு வந்துவிடுவான். தொழில் தெரிந்தவன் யாரையும் கேட்க மாட்டான். கேட்காமல் நான் செய்த ஒரு காரியத்தின் பலனை அனுபவித்தவளுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்து பத்து நாள். பெயர் கயல்விழி. என் மகள்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பக்கெட், மக் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ஷிப்ட் இன்சார்ஜ். எனக்குக் கீழே எட்டு மோல்டிங் மெஷின். (எட்டு மெஷினும் நான் சொன்னபடி கேட்கும் என்று அந்த வயதில் நம்பினேன்.) என் மனைவி செல்வி அதே பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் கெமிஸ்ட். திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போய்ப் படித்தவள். அந்த லேபில் நுழைந்த முதல் பெண் அவள்தான். பிரசவ லீவு, அதற்கு மேல் சம்பளமில்லாத லீவு எல்லாம் தீர்ந்து, "திங்கட்கிழமை வரீங்களா, இல்ல வேற ஆள் பார்க்கட்டுமா?" என்று மேனேஜர் கேட்டுவிட்டார்.

ஏற்பாடெல்லாம் பக்கா. எனக்கு செகண்ட் ஷிப்ட் என்பதால் மதியம் ஒன்றரை வரை குழந்தை என் பொறுப்பு. அப்புறம் செல்வி வரும்வரை எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா பார்த்துக்கொள்வார். அக்காவுக்குப் பழவேற்காடு, வீட்டுக்காரர் பஜாரில் கருவாடு மொத்த வியாபாரம். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்.

ஒரே ஒரு சிக்கல். கயல் தாய்ப்பாலைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை. மசித்த வாழைப்பழம் கொடுத்தோம். என் சட்டைக்குத் திரும்பி வந்தது. வேகவைத்த ஆப்பிள், சுவருக்குப் போனது. கடையில் வாங்கிய டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தால் உதட்டைக் குவித்து ஊதினாள். ஸ்பூனைப் பார்த்தாலே வாய்க்கு ஷட்டர் இறங்கிவிடும். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இருந்திருந்தால் ஒரு பக்கெட்கூட கேட்டைத் தாண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை செல்வி மெதுவாகச் சொன்னாள்: "இன்னாங்க, இவ சாப்பிடலன்னா நான் வேலைய உட்டுடறேன். பட்டினி போட்டுட்டு லேப்ல போய் என்னால நிக்க முடியாது."

அழவில்லை, கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கடைசி முயற்சி வீட்டுச் சத்துமாவு. அதற்கான வேலையை அவள் முன்பே தொடங்கியிருந்தாள். கேழ்வரகைக் கழுவி, ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, காக்காய் ஓட்டி, புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, கோதுமை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கருகாமல் வறுத்து ஆறவைத்தாள். இடுப்பில் குழந்தை. நான்கு நாள் வேலை. அதில் எனக்கென்று ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலை மில்லுக்குப் போய் அரைத்துக்கொண்டு வருவது.

மாவு மில்லில் இரண்டு மெஷின்கள். ஒன்றின் முன்னால் பத்துப் பெண்கள் டப்பாவும் பையுமாக வரிசையில் நிற்கிறார்கள். இன்னொன்று சும்மா நிற்கிறது. பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும் (அந்த வருஷத்தில் சூரியன் உதிப்பதைவிடச் சரியாக அது போகும்). மணி ஒன்பதரை. எனக்குள் இருந்த ஷிப்ட் இன்சார்ஜ் விழித்துக்கொண்டான். 'இவ்வளவு பெரிய மெஷினை சும்மா போட்டுவிட்டு ஒரே மெஷினில் பத்துப் பேர் நிற்கிறார்களே, இந்த ஊரில் திட்டமிடுதல் என்பதே கிடையாதா?' என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டு அதனிடம் போனேன்.

வரிசையில் கோதுமையோடு நின்ற மும்தாஜ் அக்கா சத்தம் போட்டார்.

"தம்பி, இன்னா பண்றே? அது மொளகா மெஷினு!"

"தெரியும்கா. பர்ஜ் பண்ணிட்டுத்தான் போடப்போறேன்."

"இன்னாது?"

விளக்கினேன். (எனக்கு விளக்குவது பிடிக்கும்.) சிவப்பு பக்கெட் ஓட்டிய மெஷினில் வெள்ளை பக்கெட் ஓட்ட வேண்டுமானால், முதலில் கொஞ்சம் வெறும் பிளாஸ்டிக்கைப் போட்டு ஓட்டி, உள்ளே ஒட்டியிருக்கும் சிவப்பைத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பெயர் பர்ஜ். அதேபோல இங்கே இரண்டு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டினால் மிளகாய் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பத்துப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்னாமோ பா, நீ படிச்ச புள்ள. பச்சக் கொழந்தைக்கு ஊட்டற மாவு வேற. எனக்கு மனசு கேக்கல. பொறுமையா இப்டி நின்னு அரைச்சுக்கினு போயேன்" என்றார் அக்கா.

"ஒண்ணும் ஆவாதுக்கா."

மில்காரர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "போடுங்க" என்றேன், எட்டு மெஷினை ஆளும் குரலில். அவர் போட்டார். முதலில் இரண்டு கைப்பிடி அரிசி. அது செங்கல் நிறத்தில் வந்தது. 'பார்த்தீர்களா, எல்லாம் வெளியே வந்துவிட்டது' என்கிற மாதிரி வரிசையைப் பார்த்தேன். அப்புறம் செல்வியின் நான்கு நாள் உழைப்பைக் கொட்டினேன்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் சிவப்பைப்போலப் பிடிவாதமான நிறம் கிடையாது. மூட்டைக்கணக்கில் பர்ஜ் ஓட்டினாலும் மறுநாள் எங்கேயாவது ஒரு வெள்ளை பக்கெட்டில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு எட்டிப்பார்க்கும். இது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பேட்டையிலேயே நாலைந்து பேர்தான் இருப்பார்கள். தெரிந்திருந்தும் இரண்டு கைப்பிடி!

மாவு லேசாகச் சிவந்திருந்தது. கேழ்வரகு நிறம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியில் வரும் வழியெல்லாம் தும்மினேன். ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பீஸைச் சோதிக்காமல் லைனை ஓட்டக் கூடாது என்று தினமும் ஆட்களுக்குப் பாடம் எடுக்கிறவன், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

"நாளையிலேருந்து நீங்கதானே ஊட்டணும், இன்னிக்கே செஞ்சு காட்டுங்க" என்று செல்வி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நானே கஞ்சி காய்ச்சினேன், கட்டி தட்டாமல். ஆறவைத்தேன். குழந்தையை மடியில் வைத்து, ஒரு பாட்டெல்லாம் பாடி, வழக்கம்போல ஷட்டர் இறங்குவதற்குள் அரை ஸ்பூனை உள்ளே விட்டுவிட்டேன்.

கயல் முதலில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'நீயா?' என்று கேட்கிற பார்வை. பிறகு முகம் சிவந்தது. காது சிவந்தது. நாக்கை முழுதாக வெளியே நீட்டினாள். அதன்பின் வீறிட்டாள் பாருங்கள், தெருவில் போன ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது.

அதே நேரம் வாசலில் மும்தாஜ் அக்கா, கோதுமை மாவு டப்பாவோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். "செல்வி! ஊட்டிடாதடீ!"

அரை நிமிடம் தாமதம்.

செல்வி பாய்ந்து குழந்தையை வாங்கினாள். ஈரத்துணியால் நாக்கைத் துடைத்தாள். விரல்நுனியில் கஞ்சியைத் தொட்டு ஒரே ஒரு முறை நக்கினாள். என்னைப் பார்த்து மூன்றே சொற்கள்:

"எந்த மெஷின்ல அரைச்சீங்க?"

அவ்வளவுதான். நான்கு நாள் வேலை போச்சே என்று ஒரு வார்த்தை இல்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று மும்தாஜ் அக்காவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு வாரம் பேசியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் துடைக்க, பால் கொடுக்க, தட்டிக்கொடுக்க, ஐந்து நிமிடத்தில் அழுகை விசும்பலானது. நான் ஸ்பூனும் கையுமாக நின்றேன். அன்று அந்த வீட்டில் யாருக்குத் தொழில் தெரியும் என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"மதியத்துக்கு வச்ச சோறும் பருப்பும் இருக்கா?" என்றார் அக்கா.

இருந்தது. செல்வி உப்பு போடாத பாசிப்பருப்போடு குழைந்த சோற்றைப் பிசைந்து, ஒரு சொட்டு நெய் விட்டு, விரலாலேயே உதட்டில் வைத்தாள். கயல் விசும்பலை நிறுத்தினாள். யோசித்தாள். அப்பா கொடுத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எடைபோட்டாள். வாயைத் திறந்தாள். மறுபடி திறந்தாள். கிண்ணம் காலியாகிற வரை திறந்தாள்.

"மொளகாவுக்கு அப்புறம் எது குட்தாலும் அமுர்தம்தான்" என்றார் அக்கா. செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய்த் துடைத்துக்கொண்டேன். (கஞ்சிக் காரம்.)

திங்கட்கிழமை செல்வி வேலைக்குப் போனாள். பதினொரு மணிக்கு லேபிலிருந்து போன். "சாப்பிட்டாளா?" "ரெண்டு கிண்ணம்." பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன், அதே கேள்வி. இன்றைக்கு அதே லேபுக்கு அவள்தான் தலைவி. சிவந்த சத்துமாவு வீணாகவில்லை. அடுத்த ஒரு மாதம் எனக்கு நாஷ்டா அதில் சுட்ட அடைதான்.

கயல் இப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். முதல் நாள் கொண்டுவிடப் போனபோது, நான் மில்லில் அரைத்த பருப்புப்பொடியை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அறைத்தோழிகள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் டப்பாவைத் திறந்து, ஒரு ஸ்பூன் எடுத்து, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ஆ காட்டுப்பா. மொதல்ல பர்ஜ்."

காட்டினேன். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த செல்வி திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்:

"எந்த மெஷினுங்க?"

"பதினோராவது ஆளா நின்னு அரைச்சது" என்றேன், வாய் நிறையப் பொடியோடு.