அவுட்வேர்ட்லி அண்ணாச்சி

இந்த உலகத்தில் எவரைப் பற்றியும் பாதிக்கு மேல் சொல்ல மறுத்த ஒரே மனிதர் குற்றாலத்தில் இருக்கிறார். நான் மாத வாடகைக்குத் தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம். எங்களுக்கு அவர் ‘அவுட்வேர்ட்லி’ அண்ணாச்சி.

எப்போதோ தங்கிவிட்டுப் போன ஒரு வக்கீலிடமிருந்து பிடித்துக்கொண்ட வார்த்தை அது. வெளிப்பார்வைக்கு, மேலுக்குப் பார்த்தால் என்று பொருள். அண்ணாச்சி அதை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போட்டார். லாட்ஜ் ரிஜிஸ்தரில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘அவுட்வேர்ட்லி கணவன் மனைவி’ என்று எழுதுவார். எழுபது வயதுத் தம்பதி ஒன்று அதைப் படித்துவிட்டு, கல்யாண போட்டோவை எடுத்து வரட்டுமா என்று சண்டைக்கே வந்துவிட்டது.

“பாத்தா அப்படித்தான் இருக்கீங்கன்னு எழுதிருக்கேன். இல்லன்னா எழுதுனேன்?” என்றார் அண்ணாச்சி, பேனாவைக்கூட மூடாமல்.

சாரல் நாட்களில் மேகம் இறங்கி மலையை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடும். அருவியின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். துவைத்த சட்டை காயாது. கடிகாரம் ஓடுகிறதா என்பதே தெரியாது. வெளியூர்க்காரர் யாராவது வராந்தாவில் நின்று, “மலை எங்க சார்?” என்று கேட்பார்.

“அவுட்வேர்ட்லி இல்ல. சாயங்காலம் வந்து பாருங்க.”

மலை ஏதோ வேலையாகச் செங்கோட்டை வரை போயிருக்கிறது, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடும் என்று எனக்கே தோன்றும்.

அப்படி ஒரு சாரலில்தான் எனக்கு ஆலங்குளத்தில் பெண் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து தென்காசி ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் தேதியைப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி அவன் வீட்டில் விசாரிக்க மாட்டார்கள். அவன் தங்கியிருக்கிற இடத்துக்குச் சொல்லாமல் வந்து விசாரிப்பார்கள். பெண்ணின் அப்பா வந்தார். ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியார். நான் மாடிப்படியில் ஒளிந்துகொண்டேன்.

“பையன் எப்படி அண்ணாச்சி?”

“அவுட்வேர்ட்லி நல்ல பையன்.”

வாத்தியார் விரிக்கப்போன குடையை மடக்கிவிட்டார். “அப்ப உள்ளுக்கு?”

“உள்ள நான் போயிப் பாக்கலையே சார்.”

ஒரு வாரம் ஆலங்குளத்திலிருந்து பேச்சுமூச்சு இல்லை. நான் அண்ணாச்சியிடம் அழாத குறையாகக் கேட்டேன். “அந்த ஒரு வார்த்தைய விட்டுட்டுச் சொன்னா என்ன அண்ணாச்சி? என் கல்யாணம்லா.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “முந்தி இங்கன ஒரு பையன் இருந்தான் தம்பி. தங்கமான பையன்னு சொல்லிட்டேன். நம்பிப் பொண்ணக் கெட்டிக் குடுத்தாவ. ஒரே வருஷத்துல அந்தப் பிள்ள அழுதுகிட்டுத் திரும்பி வந்துட்டு. அதுல இருந்து கண்ணுக்குத் தெரியுததத்தான் சொல்லுதேன்.”

நான் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் எங்கும் அறை இல்லை. திருவேங்கடத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று சொட்டச் சொட்ட வாசலில் நின்றது. நான் என் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு வரவேற்பறை பெஞ்சுக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார்.

மறுநாள் காலை, சீசனில் லாட்ஜ் வாசலைத் தாண்டாத மனிதர் ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினார். அங்கே போய் அவர் சொன்னதைப் பிறகு என் மாமனார் சொல்லித்தான் தெரியும்: “உள்ளுக்கும் நல்ல பையன் சார். நான் பாத்துட்டேன்.” அந்த வாரமே நிச்சயம் ஆயிற்று.

உண்மை என்னவென்றால், மூன்று நாளாக என் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பெஞ்சு காய்ந்த பெஞ்சு. அந்தக் குடும்பமோ எப்படியும் நனைவதற்கென்றே வந்திருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

போன சீசனில் மனைவியோடும் மகளோடும் அதே லாட்ஜுக்குப் போனேன். அதே நாற்காலி, அதே அண்ணாச்சி, கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. அவர்கள் இருவரும் படியேறிப் போனதும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

“உங்க மூணாம் நம்பர் ரூம்ல ஒழுகுதுன்னு முதலாளிக்கு எழுதிப்போட்டதே நான்தான தம்பி,” என்றார்.

“பிறகு எதுக்கு ஆலங்குளம் வரைக்கும் போனீங்க?”

அவர் வெளியே பார்த்தார். மலை இல்லை. “சொல்லத் தைரியம் வரத்தான் ஒரு வாரம் ஆயிட்டு. வாத்தியார் வந்த அன்னைக்கு மாடிப்படியில ஒளிஞ்சி நின்னீங்கல்லா. உங்க மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல உள்ள போயி என்னத்தப் பாக்க?”

கையெழுத்துப் போட ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பினார். குறிப்புக் கட்டத்தில் ‘கணவன், மனைவி, மகள்’ என்று எழுதியிருந்தது. முன்னால் அந்த வார்த்தை இல்லை.