சமையலறை வழியாகப் போகும் தெரு

தொன்புரி, பாங்காக்.

நகரத் திட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து தெருக்களை அளக்கும் தம்பி மகள் சோமுக்கு, புத்தர் அருளாலும் கால்வாய்க் காற்றாலும் இன்றுவரை நலமாக இருக்கும் பெரியப்பா தாவீ எழுதிக்கொள்வது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நலத்துக்குக் குறைவில்லை, இருந்த சமையலறைதான் போய்விட்டது.

எங்கள் சந்து எங்கள் வீட்டில் முட்டி நிற்பதும், வீட்டுக்குப் பின்னால் கால்வாய், அக்கரையில் சந்தையும் பள்ளிக்கூடமும் இருப்பதும், உன் பெரியம்மா சந்தைக்குப் போக நான் கால்வாய்க்குக் குறுக்கே போட்ட பலகையில் ஏறச் சந்து ஜனம் முழுவதும் எங்கள் சமையலறைக்குள் புகுந்து போவதும் உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் பலகை முழுகிவிட்டால் பிள்ளைகள் கோயிலைச் சுற்றி, லாரி ஓடும் பெரிய சாலையோரமாகப் பள்ளிக்குப் போக வேண்டும். அதனால்தான் பாலம் கேட்டோம். எந்தச் சந்துக்கு வழி குறைவு என்று கம்ப்யூட்டர் சொல்கிறதோ அதற்குத்தான் பாலம் என்றாய். தெருவெல்லாம் கோடு, தெருக்கள் கூடுமிடமெல்லாம் புள்ளி, ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போக எவ்வளவு சுற்ற வேண்டும் என்று அது கணக்குப் போடும் என்று என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே விளக்கினாய். எங்கள் சந்துக்குப் பூஜ்யம் மார்க் வந்தது. வீடு வீடாகப் போய் நாம் ஃபெயில் என்று நல்ல செய்தி சொன்னேன். எல்லோரும் சேர்ந்து சாமி மாடத்துக்குச் சிவப்புக் கலர் சோடா வைத்துக் கும்பிட்டோம்.

நீ அதோடு விட்டிருக்கலாம். வரைபடம் பாதிப் பொய் சொல்லும், ஆட்கள் நடக்கும் தடத்தை அவர்கள் செல்போனிலிருந்து எடுத்துச் சேர்த்தால்தான் கணக்குச் சுத்தம் என்று அதையும் சேர்த்தாய். உடனே உன் கம்ப்யூட்டர் எங்கள் சமையலறையைத் தெரு என்று முடிவு செய்துவிட்டது. வட்டாரத்திலேயே முக்கியமான சந்திப்பு உன் பெரியம்மா பப்பாளிக்காய் இடிக்கும் உரலடியாம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வட்டார அலுவலகமோ, இவ்வளவு நல்ல வழி இருக்கும்போது பாலம் எதற்கு என்று எழுதிவிட்டது. அந்தப் புதுத் தெரு எப்படியோ ஊரார் செல்போன் மேப்பிலெல்லாம் ஏறிவிட, சாப்பாடு கொண்டுபோகிறவன் ஒருவன் ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவே பைக்கோடு வந்து நின்று, "இன்னும் நேரா போகச் சொல்லுது மாமா," என்றான்.

"நேரா போனா பாத்ரூம். போய்ட்டு வா, வண்டிய நான் பிடிச்சுக்கறேன்," என்றாள் உன் பெரியம்மா.

மறுநாள் வந்த அதிகாரி டேப்பால் அளந்து பார்த்து, அடுப்பு பொதுவழி ஆக்கிரமிப்பு என்றார். அவருக்கும் அந்த ஆக்கிரமிப்பிலேயே முட்டை பொரித்துச் சோறு போட்டாள், சாப்பிட்டுவிட்டு நோட்டீஸையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே சந்து கூடி ஒரு முடிவெடுத்தது. சமையலறைக் கதவைப் பூட்டுவது, எல்லோரும் கோயிலைச் சுற்றியே போவது, நீ அடுத்த முறை தடம் எடுக்கும்போது பழைய பூஜ்யத்தைத் திரும்பப் பெறுவது. இந்த வாரம் முழுக்கப் பூட்டுத்தான், சாவி என் இடுப்பில். தினமும் காலையில் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானும் வெயிலில் கோயிலைச் சுற்றிச் சந்தைக்குப் போய்வருகிறேன். முட்டி கழண்டு விழுகிற மாதிரி இருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை. வழியில் நம் சந்துக்காரர் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் எனக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள் போலிருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டை நினைத்தால் கண் கலங்குகிறது. இப்படிப்பட்ட சந்துக்குப் பாலம் வராமலா போகும்? நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்தச் சமையலறைத் தெருவை அழித்துவிடு.

உன் கண்ணும் கையும் சோர்வில்லாமல் இருக்க வேண்டும், நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று வாழ்த்தும்,
பெரியப்பா தாவீ.

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பி, கோயிலுக்குப் போகும் முன்பே செருப்பு அறுந்து வீடு திரும்பினேன். சமையலறையில் திருவிழாக் கூட்டம். நான் கிளம்பியதும் உன் பெரியம்மா வேறொரு சாவியால் தினமும் திறந்துவிடுகிறாளாம். அவள் சொல்படி எல்லோரும் சந்து முனை மோட்டார்சைக்கிள் டாக்ஸிக் கொட்டகையில் ஒரு கூடையில் செல்போனைப் போட்டுவிட்டு வருகிறார்களாம்.

"கம்ப்யூட்டரு செல்போனத்தானே பாக்குது, ஆளையா பாக்குது?" என்றாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா அவளுக்கு எழுதிடுவீங்க."

ஆகவே மேலே உள்ள கட்டுப்பாடு, கண்கலக்கம் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. சமையலறைத் தெருவை அழிக்காதே, அது உள்ளபடியே இருக்கிறது. ஆனால் இந்த வாரம் உன் கம்ப்யூட்டரில் ஒற்றைப் புள்ளி ஒன்று கோயிலைச் சுற்றி, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி, நின்று நின்று போயிருக்கும். பலகை முழுகினால் பிள்ளைகள் போகும் தடம் அதுதான். அதை அந்த அதிகாரியிடம் காட்டிப் பாலம் கேள். சோறு தின்ற மனுஷன், கொடுத்துவிடுவார். யார் அந்தப் புள்ளி என்று கேட்டால், என் பெரியப்பா என்று சொல்.