பாதிக்கதை பாஸ்டரோடு ஒரு படகு

ஒரு ஊரையே தூங்கவிடாமல் அடிக்கிற சக்தி இந்த உலகத்தில் மூன்றுக்குத்தான் உண்டு. புயல், கொசு, பாதிக்கதை பாஸ்டர். புயலுக்கு முன்னறிவிப்பு சொல்வார்கள். கொசுவுக்குச் சுருள் விற்கிறார்கள். பாஸ்டருக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். ஏதோ ராஜா காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற காலம்தான். காலையில் பழவேற்காடு துறையில் செங்கேணி அண்ணனின் ஃபைபர் படகில் ஏறுவேன். சந்தையில் இறால் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு திரும்புகிற மல்லிகாக்கா வருவார். துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வேலு வருவான். இன்னும் சிலர். எல்லாருக்கும் கடைசியாக, படகை அவிழ்க்கிற நேரத்தில், பாஸ்டர் வருவார்.

திருத்தணிப் பக்கத்து ஆள், பழவேற்காட்டில் குடியிருந்துகொண்டு குப்பத்துக்கு ஊழியத்துக்கு வருகிறவர். ஒல்லியான உடம்பு. அதைவிட ஒரு சைஸ் பெரிய வெள்ளைச் சட்டை. காற்று உள்ளே புகுந்தால் பாய் கட்டிய தோணி மாதிரி இருப்பார். குப்பத்தில் அவருடைய சபை என்று பார்த்தால் ஏழெட்டு வீடுதான். மற்றவர்கள் எல்லாம் எல்லம்மாவுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனால் கதை கேட்கிற விஷயத்தில் யாரும் மதம் பார்க்கவில்லை.

படகு துறையை விட்டு நகர்ந்ததும் கதையை ஆரம்பிப்பார். குப்பத்து மணலில் படகு தட்டியதும் நிறுத்திவிடுவார். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் சரி, வார்த்தையின் நடுவில் இருந்தாலும் சரி.

"சிங்கம் எழுந்திருச்சு. சோம்பல் முறிச்சுது. மெல்ல மெல்ல, குகைக்குள்ள தள்ளிவிட்ட தானியேல் பக்கத்துல வந்து, வாயை..."

படகு தட்டியது. பாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"யோவ்! வாயத் தொறந்துச்சா, மூடிச்சா? அத்த மட்டுனா சொல்லிட்டுப் போய்யா!" என்று மல்லிகாக்கா கத்தினார்.

"நாளைக்குப் பார்ப்போம்மா" என்றார் பாஸ்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அந்த வாரம் முழுக்க வரவில்லை. அந்த வாரம் முழுக்கச் சிங்கம் வாயைத் திறந்தபடியே நின்றது. "தூக்கத்துல உறுமற சத்தம் கேக்குது டீச்சரம்மா" என்று மல்லிகாக்கா என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

பொடியன் தாவீதும் ராட்சசன் கோலியாத்தும் சண்டைக்கு எதிரெதிரே நின்ற வாரம் இன்னும் மோசம். துறைமேட்டு டீக்கடையில் கோலியாத்துக்கு ஒரு கட்சி, தாவீதுக்கு ஒரு கட்சி. "அம்மாம் பெரிய ஆள கல்லால அட்ச்சி சாய்ப்பானா? இன்னாய்யா கப்சா வுட்ற!" என்று ஒருவர் ஆரம்பிக்க, பேச்சு முற்றி, கடைக்காரரின் பெஞ்சுக் கால் முறிந்தது. இரண்டு கட்சியிலும் ஒரு கிறிஸ்தவர்கூடக் கிடையாது.

"வேணும்னேதான் நிறுத்துறீங்களா பாஸ்டர்?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்தார். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே அவருக்கு வேர்க்கும். "சீரியல்காரன் டெக்னிக்கு. ஆளு உஷாரு" என்பதுதான் ஊரின் தீர்ப்பு.

இந்தக் கதைகள் பிடிக்காத ஒரே ஆள் வேலு. காரணம் அவன் அம்மா. வாதத்தில் விழுந்து படுக்கையில் கிடந்த அந்த அம்மாவுக்குப் பாஸ்டர் தினமும் போய்க் கதை சொல்லிவந்தார். அம்மாவைத் தன் பக்கம் இழுத்துவிடுவார் என்று வேலுவுக்குப் பயம். பயம் வளர்ந்து கோபமாகி, கோபம் ஊர்ப் பஞ்சாயத்துவரை போயிற்று. பெரியவர்கள் கூடிப் பேசி, "படகு எல்லாருக்கும் பொது. அதுல பைபிள் பேரு எதுவும் வரக் கூடாது" என்று தீர்த்துவைத்தார்கள். பாஸ்டர் சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் படகு நகர்ந்தது. "ஒரு ஊர்ல ஒரு ஆளு" என்று ஆரம்பித்தார்.

வேலு எழுந்தேவிட்டான். "யோவ் பாஸ்டரு! பஞ்சாயத்துல இன்னா சொன்னாங்க?"

"பேரு எதுவும் சொல்லல தம்பி. ஒரு ஆளு. ஒரு ஊரு. அவ்வளவுதான்."

"இன்னொரு வாட்டி கதைன்னு வாயத் தொறந்த, நடு ஏரியிலயே எறக்கி வுட்ருவேன். மீனுங்களுக்குப் பிரசங்கம் பண்ணிக்கினு கெட!"

யாரும் சிரிக்கவில்லை. வேலுவின் கழுத்து நரம்பு அப்படிப் புடைத்திருந்தது. பாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் படகில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். பாஸ்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு வருவார். முன்னைவிட அதிகமாக வேர்த்தது. அவமானம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மல்லிகாக்கா வேலுவோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

இப்படி இருக்கும்போது ஒரு புயல் கரையைக் கடந்துபோனது. ஏரி விளிம்புவரை நிறைந்துவிட்டது. வெள்ளமெல்லாம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முகத்துவாரம் என்றால் ஏரி கடலோடு சேர்கிற வாய். வெள்ள நேரத்தில் அதற்குள் மாட்டிய படகு புரளாமல் திரும்பியது குறைவு. எங்கள் படகு தினமும் அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் போகும்.

நடுவழியில் இன்ஜின் ஒருமுறை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. புயலில் அறுந்து மிதந்த வலை ஒன்று விசிறியில் முறுக்கிக்கொண்டிருந்தது. செங்கேணி அண்ணன் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்து அறுக்க ஆரம்பித்தார். அறுக்க அறுக்க வலை வந்துகொண்டே இருந்தது. மேற்கத்திக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. நங்கூரத்தைப் போட்டார்கள். அது பிடிக்கவில்லை. கழியை ஊன்றினார்கள். அடி எட்டவில்லை. படகு பக்கவாட்டில் திரும்பி, முகத்துவாரத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

வேலு போனில் கத்திக்கொண்டிருந்தான். "மச்சான், படக எடுத்துக்கினு சீக்கிரம் வாடா! கடலுக்கு இஸ்துக்கினு போவுது!"

அந்த ஒரு வார்த்தை போதும். படகில் இருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள். குப்பம் இருக்கிற பக்கம் எல்லாரும் ஒன்றாகச் சாய, படகும் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி என் காலில் விழுந்தது.

"குந்துங்க! அல்லாரும் குந்துங்க! கவுந்துரும்!" செங்கேணி அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் உட்காரவில்லை. பயம் வந்த மனுசனுக்குக் காது வேலை செய்யாது, கால் மட்டும்தான் வேலை செய்யும்.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஒரு ஆளு கப்பல்ல ஏறுனான்!"

என்ன பழக்கமோ, எல்லாரும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்கள். படகு நிமிர்ந்தது.

"அவனுக்குக் கிழக்கால போகச் சொல்லி உத்தரவு. அவன் மேற்கால போற கப்பல்ல ஏறிட்டான். கீழ்த்தட்டுல போய்ப் படுத்துத் தூங்கிட்டான். அப்போ கிளம்புச்சு காத்து!"

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கேட்டதுமே தெரிந்துவிட்டது. இது யோனாவின் கதை. மூழ்கப்போகிற கப்பலில், யாரால் இந்தக் கேடு வந்தது என்று சீட்டுப் போட்டுப் பார்த்து, ஒரு ஆளைத் தூக்கிக் கடலில் போடுகிற கதை. பைபிளில் எத்தனையோ கதை இருக்க, இந்த மனுசன் வாயில் இதுதானா வரவேண்டும்!

"பாஸ்டர், வேற கதை! வேற கதை!" என்று கிசுகிசுத்தேன். அவர் காதில் விழவில்லை.

"கப்பல்காரனுங்க பயந்துபோய் அவனவன் அவனவன் சாமியக் கூப்புட்டான்."

"எந்த சாமிய?" என்றான் வேலு. அந்த நிலையிலும் அவனுக்குச் சந்தேகம்.

"அவனவன் சாமியத்தான் தம்பி. அப்படித்தான் எழுதியிருக்கு. நீயும் கூப்புடு!"

"தாயே எல்லம்மா!" என்று வேலு அலறினான். மல்லிகாக்கா கங்கையம்மாவைக் கூப்பிட்டார். செங்கேணி அண்ணன் இன்ஜினைக் கூப்பிட்டார், இங்கே எழுத முடியாத வார்த்தையில்.

"அப்புறம் சீட்டுப் போட்டாங்க. யாரால இந்தக் கேடுன்னு. சீட்டு ஒருத்தன் பேருக்கு..."

பாஸ்டர் நின்றார். எந்தக் கதைக்குள் வந்து மாட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து வேலுவைப் பார்த்தார்கள். ஒரு சாமியார் வாயைக் கட்டினால் என்ன நடக்கும் என்று மல்லிகாக்காவின் பார்வை சொல்லாமல் சொன்னது. வேலுவின் முகம் சாம்பலாகிவிட்டது. முகத்துவாரத்தின் இரைச்சல் இப்போது நன்றாகவே கேட்டது. வெள்ளை நுரை கண்ணுக்குத் தெரிந்தது.

"அவன இன்னா பண்ணாங்க?" என்று மெதுவாகக் கேட்டான் வேலு.

"அவனே சொன்னான். என்னத் தூக்கிக் கடல்ல போடுங்க, காத்து நின்னுடும்னு."

"போட்டாங்களா?"

பாஸ்டர் கண்ணை மூடினார். திறந்தபோது அவருடைய குரல் வேறாக இருந்தது.

"போடலய்யா! துடுப்ப எடுத்துத் தண்டு வலிச்சானுங்க! யாருன்னே தெரியாதவன். வேற சாமி கும்புடறவன். அவனத் தூக்கிப் போட மனசு வராம, கரைக்குப் போயிடலாம்னு அத்தனை பேரும் தண்டு வலிச்சானுங்க! வலிங்கய்யா!"

வேலு காலடிப் பலகையைப் பிடுங்கினான். மல்லிகாக்கா அன்னக்கூடையைத் தண்ணீருக்குள் விட்டார். கழி, வாளி, வெறுங்கை, எது கிடைத்ததோ அது. நான் என் பரீட்சை அட்டையால் துழாவினேன். முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு மணல் திட்டு உண்டு. அதைப் பார்த்துக் குறுக்கே வலித்தோம். பாஸ்டர் நிறுத்தவே இல்லை. "வலிச்சானுங்க! கை அசந்துபோச்சு, அப்பவும் வலிச்சானுங்க! காத்து ஏறுது, அப்பவும் வலிச்சானுங்க!" அந்தக் குரலுக்கு எல்லார் தோளும் ஒன்றாக ஏறி இறங்கியது. திட்டு கிட்டே வந்தது. விலகியது. மறுபடி கிட்டே வந்தது.

"கடைசியில அந்தக் கப்பல்..."

படகு மணலில் தட்டியது. பாஸ்டர் நிறுத்திவிட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"கடைசியில அந்தக் கப்பலு?" கேட்டது வேலு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் பார்த்தேன். அவர் கை என் பையின் வாரைப் பிடித்திருந்தது. விரல்கள் அத்தனையும் வெளுத்திருந்தன. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "சின்ன வயசுலேர்ந்து தண்ணின்னா பயம். கதை சொல்லிக்கிட்டிருந்தா தண்ணி கண்ணுக்குத் தெரியாது. தரை தட்டுனதும் உசுரு திரும்பி வந்துடும். அதுக்கப்புறம் கதை வரமாட்டேங்குது. நானும் என்ன செய்வேன்?"

சீரியல்காரன் டெக்னிக் என்று ஊரே பேசியதே, அது இதுதான்! சிங்கத்தின் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடியது இதனால்தான்! மல்லிகாக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டார். எனக்கோ அந்தப் பேச்சில்லாத நாட்கள் நினைவுக்கு வந்தன. பலகையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, தண்ணீரை மறக்க ஒரு கதைகூட இல்லாமல் ஏரி முழுவதையும் அவர் கடந்து வந்திருக்கிறார்.

வேலு முழங்கால் தண்ணீரில் குதித்தான். பாஸ்டரை இரண்டு கையாலும் தூக்கினான். அவர் "தம்பி, தம்பி, வேண்டாம்" என்று பதறப் பதற, கொண்டுபோய்த் திட்டின் காய்ந்த மணலில் உட்காரவைத்தான். கொஞ்ச நேரத்தில் குப்பத்துப் படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது.

அதன்பிறகு பாஸ்டர் துறைப் பக்கமே வரவில்லை. போதும் என்று திருத்தணிக்கே போய்விடுவார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் காலை, ஷிப்ட் முடித்த வேலு நேராக அவர் வீட்டுக்குப் போய்க் கையோடு கூட்டிவந்தான். துறையில் நின்று இரண்டு பேரும் பேசிக்கொண்டது படகில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

"அம்மா சோறு துன்ன மாட்டேங்குது. கப்பல் கதைல இன்னா ஆச்சுன்னு கேட்டுக்கினே கீது."

"நீங்களே சொல்லலாமே தம்பி."

"தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். நீ சொல்ற மாதிரி இல்லியாம்."

பாஸ்டர் படகைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். ஒரு காலை உள்ளே வைத்தார், எடுத்துவிட்டார். செங்கேணி அண்ணன் அவசரப்படுத்தவில்லை. யாருமே அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினார். மல்லிகாக்கா நகர்ந்து நடுவில் இடம் விட்டார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் வேலு. படகு நகர்ந்தது.

"ஒரு ஆளு..." என்று ஆரம்பித்தார் பாஸ்டர்.

"பேரச் சொல்லியே சொல்லுய்யா" என்றான் வேலு, ஏரியைப் பார்த்துக்கொண்டு. "ஆளு யாருன்னே தெரியாம எத்தினி நாளு கேக்கறது?"

வேலுவின் அம்மா இன்றைக்கும் எல்லம்மாவுக்குத்தான் வேண்டிக்கொள்கிறார். கதையையும் விடவில்லை. யோனாவைக் கடைசியில் தூக்கித்தான் போட்டார்கள் என்று யார் மூலமாகவோ கேள்விப்பட்ட மல்லிகாக்கா, "எங்ககிட்டயே மறைச்சிட்டியே பாஸ்டரே!" என்று நடு ஏரியில் பெரிய சண்டை போட்டார். "மறைக்கலம்மா, தரை தட்டிடுச்சு" என்றாராம் இவர்.

எனக்குக் காட்டூர்ப் பக்கம் மாற்றல் ஆகிவிட்டது. பஸ்ஸில்தான் போகிறேன். பாஸ்டர் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை, பயமும் போகவில்லை. தினமும் பயந்துகொண்டேதான் ஏறுகிறார். அன்றைக்குப் பிறகு ஏறாமல் இருந்ததும் இல்லை. காற்று பலமாக அடிக்கிற காலையில் அவருக்கு ஒரு போன் போடுவேன். "கரையேறிட்டேன் டீச்சர்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் நான் வகுப்புக்குள் போவேன்.