விதி பதினேழும் ஒரு தாய்மாமனும்

உமாதேவிக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்று பல்கலைக்கழகம் கண்டுபிடித்துவிட்டது. அவளைப் பெற்ற தாய்க்கே தெரியாத சங்கதி இது.

பதிவுத் தபாலில் வந்த கடிதத்தை நாகலாபுரம் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். ‘முனைவர் பட்ட நெறிமுறைகள், விதி 17: நெறியாளர் ஆய்வாளருக்கு உறவினராக இருத்தல் கூடாது. உறவினர் என்போர் விதி 2இல் வரையறுத்தவாறு பெற்றோர், கணவர், மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் ஆவர். தங்கள் நெறியாளர் தங்களுக்கு உடன்பிறந்தவர் எனப் புகார் வந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் மறுத்து ஆதாரம் அனுப்பாவிடில் பதிவு ரத்தாகும்.’

ஐந்து வருஷப் பாடு. சனிக்கிழமை தவறாமல் கோவில்பட்டிக்கு பஸ் ஏறியிருக்கிறாள். கரிசல் காட்டில் ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்து, எந்தப் புஞ்சையில் உரத்துக்காக எத்தனை நாள் ஆட்டுக்கிடை போட்டார்கள், அடுத்த வருஷம் எவ்வளவு கம்பு விளைந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஒரு மாதம்தான். இப்போது பதிவு போனால் போனதுதான். முப்பத்தெட்டு வயதில் இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பு கிடையாது.

கடிதத்தோடு ஒரு மொட்டைக் கடுதாசியின் நகல் இருந்தது. தட்டச்சில் நாலு பக்கம். கூடவே மூத்த மகள் பிரித்திகாவின் காதுகுத்து அழைப்பிதழ் நகல். அதில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தது: ‘தாய்மாமன்: முனைவர் சண்முகராஜ், பொருளாதாரப் பேராசிரியர், கோவில்பட்டி.’

அந்த வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்கும் காது குத்த மாட்டார்கள். உமாதேவியோ ஒற்றைப் பிள்ளை. மடி கிடைக்காமலே பிரித்திகாவுக்கு ஏழு வயதாகிவிட்டது. கடைசியில் உமாதேவியின் கணவர் யோகராஜ், ஆடும் காடும் வைத்திருப்பவர், நேரே கோவில்பட்டிக்குப் போய் நெறியாளர் சண்முகராஜிடமே கேட்டுவிட்டார். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும் என்றார். சண்முகராஜுக்கும் உடன்பிறந்த தங்கை கிடையாது. மாமா என்று கூப்பிட ஒரு பிள்ளை கிடைக்கிறதே என்று மனிதர் குளிர்ந்து போனார்.

பத்து நிமிஷத்தில் எந்த உறவு முடிந்தது? அன்றைக்கே சீர்த்தட்டு எங்கே, கிடா எங்கே என்று ஊர் கேட்டது. சண்முகராஜின் மனைவி பிரேமலதா கட்டியிருந்த பட்டுப்புடவையோடு ஜவுளிக்கடைக்கு ஓடினார். அப்புறம் தீபாவளிக்குப் பாவாடை, பொங்கலுக்குப் பாவாடை, எல்லாம் பிரேமலதாவின் கைக்காசு. அதுவரை ‘மேடம்’ என்று கூப்பிட்ட உமாதேவி ‘மதினி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிரேமலதா வீட்டிலேயே ஆய்வேடு தட்டச்சு செய்துகொடுப்பவர். பதினொரு பேர் முனைவரானது அவர் விரலால்தான். கடிதம் வந்தபோது உமாதேவியின் ஆய்வேடும் அவருடைய மெஷினில்தான் இருந்தது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு உமாதேவி கோவில்பட்டிக்கு ஓடினாள். சண்முகராஜ் மொட்டைக் கடுதாசியைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பக்கத்து அறைப் பேராசிரியர் வேலைதான், பொறாமை பிடித்தவர் என்றார். அப்புறம் மனசு கேட்காமல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும் உமா. ஏழு அடிக்குறிப்பு போட்டிருக்காரு. ஏழும் சரியா இருக்கு. நம்மகிட்ட படிக்கிற பிள்ளைய யாரும் இப்படிப் போட மாட்டேங்காவ."

பிரேமலதா காபி கொண்டுவந்து வைத்தார். பாவம் என்று உச்சுக் கொட்டினார். தன் வீட்டுக்காரர் உறவா இல்லையா என்று இனி பல்கலைக்கழகம்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ் வாங்கினால் தீர்ந்தது என்பது யோகராஜின் யோசனை. அலுவலர் செண்பகராஜ் நேர்மையான மனிதர், விசாரிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். தெருவில் நாலு பேரிடம் போய், டீச்சருக்கு அண்ணன் உண்டா என்று கேட்டார். யாரோ டீச்சரைப் பிறந்த வீடு இல்லாதவள் என்று பேசியிருக்கிறார்கள் போல என்று தெருவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சுடலையம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"மடியில வச்சுக் காது குத்துன மனுசன்யா. அண்ணன் இல்லன்னு எந்த நாக்கு சொல்லுது?"

‘சண்முகராஜ் என்பவர் மேற்படியாரின் உடன்பிறந்தவர் என ஊரார் உறுதி கூறுகின்றனர்’ என்று செண்பகராஜ் எழுதி, ஒரு பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த துணைப் பதிவாளர் கோபாலசாமி, நேரில் விசாரிக்க வருவதாக மறுதபாலில் எழுதினார்.

உமாதேவி அன்று சோறு தின்னவில்லை. யோகராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். சண்முகராஜ் நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எல்லாரும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் படிப்பு பாழாகிவிடும் என்று விளக்கினார். அவ்வளவுதானே, நாங்க பாத்துக்கிடுதோம் என்றது ஊர். அந்த வார்த்தையைக் கேட்டபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

கோபாலசாமி ஜீப்பில் வந்து இறங்கினார். யோகராஜின் மந்தைக்குக் காவல் இருக்கும் சோலை, கேட்பதற்கு முன்பே முந்திக்கொண்டு வந்தான்.

"உறவா? அந்த ஆளு மூஞ்சியில நாங்க முழிக்கது கெடையாது சார். எங்க டீச்சருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. ரெண்டு வருசமா ஆகாது."

சுடலையம்மாள் தன் பங்குக்கு மண்ணை வாரித் தூற்றிக் காட்டினாள். இன்னொருவர் பேச்சில் அரிவாள் வரைக்கும் போனார். கோபாலசாமி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

"உறவு இல்லைன்னு புரியுது. விதி இருபத்தொண்ணுன்னு ஒண்ணு இருக்கும்மா. நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் சுமுகம் இல்லைன்னா, வேற நெறியாளர்கிட்ட புதுசாப் பதிவு செய்யணும்."

"புதுசான்னா?" என்று கேட்டாள் உமாதேவி.

"முதல்லருந்து. அஞ்சு வருஷம்."

தலையில் இடி விழுந்தது அவளுக்கு. அந்த நேரம் பார்த்துத்தான், விசாரணைக்கு வரச்சொல்லியிருந்த சண்முகராஜ் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்திகா "மாமா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மடியில் ஏறிக்கொண்டாள். சற்று முன் மண்ணை வாரித் தூற்றிய சுடலையம்மாள், பழக்கதோஷத்தில் அவருக்கு மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

கோபாலசாமி மூடிய பேனாவைத் திறந்தார். இவர் விரோதியா, அண்ணனா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். குரலில் கோபம் இருந்தது.

உமாதேவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எனக்குன்னு ஒரு அண்ணன் இருந்தா இவிய மடியை நான் ஏன் சார் கேக்கப் போறேன்? அண்ணன் இருக்கிற வீட்டுல அடுத்த ஆளு மடியில வச்சுக் காது குத்த விடுவானா? வெட்டுக்குத்து ஆயிராதா? எனக்கு யாரும் இல்லைங்கிறதுக்கு அந்தக் காதுகுத்துப் பத்திரிகைதான் சார் சாட்சி."

கோபாலசாமி, சுடலையம்மாள் தந்த இன்னொரு டம்ளர் மோரை வாங்கிக்கொண்டார். அவர் நாலு தங்கைகளுக்கு அண்ணன். ஒன்பது பிள்ளைகள் அவர் மடியில் உட்கார்ந்து காது குத்தியிருக்கிறார்கள். ஒன்றுக்குக்கூட வேறு ஆளை விட்டதில்லை. அவள் சொன்ன நியாயம் விதிப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. மோரைக் குடித்துவிட்டு உத்தரவு எழுதினார்: ‘நெறியாளர் ஆய்வாளருக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர். இருவருக்கும் சுமுகம் உண்டு.’ பத்தாம் நாள் அது முத்திரையோடு வந்தது. ஒரு பிரதி உமாதேவிக்கு, ஒரு பிரதி சண்முகராஜுக்கு.

ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போனது. வாய்மொழித் தேர்வு முடிந்தது. உமாதேவி டாக்டர் உமாதேவியானாள்.

அடுத்த மாதமே புருஷனும் பெண்டாட்டியும் கடம்பூர் போளியும் தாம்பூலத் தட்டுமாகக் கோவில்பட்டிக்குப் போனார்கள். இளையவளுக்கு ஆவணியில் காதுகுத்து. ‘தாய்மாமன்: முனைவர் சண்முகராஜ்’ என்று இந்தத் தடவை கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார் யோகராஜ். இனிமேல் எந்த விதி வந்து என்ன செய்யும்? சண்முகராஜ் முகமெல்லாம் பல்லாகத் தட்டுக்குக் கையை நீட்டினார்.

"பொறுங்க" என்றபடி பிரேமலதா உள்ளேயிருந்து வந்தார். கையில் பல்கலைக்கழக உத்தரவு இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்.

"எவ்வகையிலும் உறவினர் அல்லர்னு முத்திரை குத்திக் குடுத்திருக்காவ. பெறகு இவிய எப்படித் தாய்மாமனா உக்காருவாவ?"

உமாதேவி சிரித்துவிட்டாள். "அது எவனோ மொட்டைக் கடுதாசி போட்டதுனால வந்தது மதினி. அதைப் போயி."

"எவனோ இல்ல டாக்டரம்மா" என்றார் பிரேமலதா, சட்டத்தை முந்தானையால் துடைத்தபடி. "ஒங்க ஆய்வேட்டை அடிச்ச கையோட, அதையும் நாந்தான் உக்காந்து அடிச்சேன். ஏழு அடிக்குறிப்போட."