டால்பின் வாட்ச்மேன்

கடலில் மிதந்து வருவது டால்பினா, கோணிச்சாக்கா என்று சுடலைக்கண்ணனுக்குத் தெரியவில்லை. கையில் சிவப்புக் கொடி இருந்தது. தூக்கினால் சூப்பர்வைசர் தௌசீப் திட்டுவான். தூக்காமல் விட்டு, அது டால்பினாக இருந்து தொலைத்தால் வேலை போய்விடும்.

திட்டை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம். போன வேலையை எங்கே போய் வாங்குவது? கொடியைத் தூக்கினார்.

கடலுக்குள் இரும்புத் தூண்களை ‘டங், டங்’ என்று அடித்து இறக்கிக்கொண்டிருந்த பைலிங் மிஷின் நின்றது. ஜெனரேட்டர் நின்றது. இழுவைப் படகின் இன்ஜினும் நின்றது. விதி அப்படி. கொடி ஏறினால் அரைமணி நேரத்துக்கு அந்த இடமே வாயடைத்துப் போகும்.

வாக்கி டாக்கிக்கு மட்டும் அந்த விதி கிடையாது.

“அரே சுடலண்ணே! ஃபிர் ஸே? காலையிலேருந்து இது மூணாவது தடவ!”

“என்ன செய்யச் சொல்லுத தம்பி? அது வந்தா நான் தூக்கித்தானே ஆகணும்?”

“எனக்கு மட்டும் ஏண்ணே ஒண்ணுகூடக் கண்ணுல பட மாட்டேங்குது?”

“நீ கேபின்ல ஏசிக்குள்ள இருக்க. அது கடல்ல இருக்கு.”

கரையிலிருந்த கேபின் கதவைத் திறந்துகொண்டு தௌசீப் வெளியே வந்தான். மிதவைமேடையில் நின்ற சுடலைக்கண்ணன் அவன் பக்கமே திரும்பி, கைகட்டி நின்றார். கொடி தூக்கிய பிறகு கடலைப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததே இல்லை. அரைமணி நேரமும் தௌசீப்பைச் சமாதானப்படுத்தவே சரியாக இருக்கும்.

மேடைக்குப் பின்னால், கடல் பக்கம், காவல் படகில் உட்கார்ந்திருந்த பிச்சையா பீடியைப் பற்றவைத்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், டால்பினை ஓங்கல் என்பான். யாரும் கேட்டாலொழிய வாயைத் திறக்க மாட்டான்.

செம்பூரைத் தாண்டி, அலையாத்திக் காடு முடிகிற இடத்தில் சரக்குக் கப்பல்களுக்காக ஒரு கம்பெனி புதிதாகத் துறை கட்டிக்கொண்டிருந்தது. மிஷினுக்குச் சாப்பாட்டு நேரம்கூடக் கிடையாது. ஆட்கள் ஷிஃப்ட் மாறுவார்கள், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கடலில் கூன்முதுகு டால்பின் என்று அழிந்துகொண்டிருக்கிற ஓர் இனம் இருக்கலாம், ஒருவேளை வந்தால் வேலையை நிறுத்த வேண்டும், அதைக் கவனிக்க நல்ல கண்பார்வையுள்ள ஒரு ஆளை நியமிக்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தது. அந்த நல்ல கண்பார்வையுள்ள ஆள்தான் சுடலைக்கண்ணன்.

அவருக்குக் கிட்டத்தில் இருப்பது எறும்பின் கால்வரைக்கும் தெரியும். இருபது அடி தாண்டினால் எல்லாம் கஞ்சித் தண்ணீர்.

வடாலாவில் ஒரு கோடவுன் கேட்டில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தவர். லாரி பக்கத்தில் வந்து நின்றதால் பத்தொன்பது வருஷம் பிரச்சினை இல்லை. கோடவுனை மூடினார்கள். எட்டு மாதம் தாராவி வீட்டில் சும்மா உட்கார்ந்து, மனைவி கோமதியம்மாள் எந்தப் பாத்திரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து அவள் கோவிலுக்கு நேர்ந்துகொண்ட வாரத்தில், ஒரு லேபர் கான்ட்ராக்டர் தாராவியில் ஆள் எடுத்தான்.

கண் பரிசோதனையில் சுடலைக்கண்ணன் வரிசையில் ஏழாவது ஆள். முன்னால் நின்ற ஆறு பேரும் ஒரே பலகையை உரக்கப் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை இப்படிக் காதால் கேட்டுத்தான் அவர் பாஸ் செய்திருந்தார். தன் முறை வந்தபோது, டாக்டர் குச்சியை வைக்கும் முன்பே கடைசி வரியை ஒப்பித்துவிட்டார்.

“கழுகுக் கண்ணு!” என்றான் கான்ட்ராக்டர். “கையெழுத்தும் அச்சு மாதிரி இருக்கு. இவரை டால்பினுக்குப் போடு.”

குருடனுக்கு ராஜமுழி வாய்த்த கதை அப்படித்தான் ஆரம்பமானது.

முதல் இரண்டு வாரம் ஒரு சிக்கலும் இல்லை. காலையில் மிஷின் தொடங்கும் முன் அரைமணி நேரம் கடலைப் பார்ப்பார். கடல் வெள்ளையாகத் தெரியும். ரிஜிஸ்டரில் ‘இல்லை’ என்று அழகாக எழுதுவார். தௌசீப்புக்கு அவர்மேல் உயிர்.

பிறகு ஒருநாள், யாரோ ஒரு மீன்பிடிப் படகுக்காரர் போனில் எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி ஆபீசுக்கே வந்துவிட்டது. மிஷின் தொடங்காத விடிகாலை. மேடைக்குக் கொஞ்ச தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு எழுந்து முங்குகிறது. பின்னாலேயே ஒரு குட்டி முதுகு. வீடியோவின் ஓரத்தில் சுடலைக்கண்ணன் அவற்றை நேருக்கு நேர் பார்த்தபடி ரிஜிஸ்டரில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு தடவை தவறவிட்டால் வேலை இல்லை என்று மெமோ வந்தது.

அந்த வீடியோவை அவர் போனைக் கண்ணருகே வைத்துப் பலமுறை பார்த்தார். கிட்டத்தில் பார்க்கும்போது நன்றாகத் தெரிந்தது. குட்டி முங்கத் தெரியாமல் முங்கியது. ‘இவ்வளவு பெரிய உசுரு ஆத்தாளும் பிள்ளையுமா முன்னாலேயே போயிருக்கு, நான் இல்லைன்னு எழுதியிருக்கேனே’ என்று மனசு என்னவோ செய்தது. மெமோவைவிட அந்த ‘இல்லை’ அவரை அதிகம் உறுத்தியது.

மறுநாளிலிருந்து கறுப்பாக எது அசைந்தாலும் கொடியைத் தூக்கினார். சாக்கு, டயர், முங்கி எழும் நீர்க்காகம், மிதந்து வந்த பிள்ளையார் பீடம், எதையும் விடவில்லை. பொய் சொல்கிறாயா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக விவரமாக எழுதினார். ‘9.40. ஒன்று. நல்ல உடல்வாகு. வடக்கு நோக்கி.’ ‘2.15. தாயும் குட்டியும். அவசரம் இல்லை.’ பொய்தான் என்றாலும் கோடு போட்டு எழுதும்போது அவருக்கு ஒழுங்கு முக்கியம்.

அந்த ஒழுங்குதான் வினையாக வந்தது. ரிஜிஸ்டர் நகல் கம்பெனியின் சுற்றுச்சூழல் மேனேஜர் வெங்கடராமனிடம் போயிற்று. அவர் மாட்டுங்காவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேரே வந்து இறங்கினார்.

“ஓய் சுடலைக்கண்ணன்! மூணு வருஷம் பெரிய டீசல் லாஞ்ச் எடுத்துண்டு இந்தக் கடல்ல இண்டு இடுக்கு விடாம சர்வே பண்ணியிருக்கேன். ஒரு டால்பின் கண்ணுல படலை. ‘இப்பகுதியில் நடமாட்டம் இல்லை, ஆகவே பாதிப்பும் இல்லை’ன்னு ரிப்போர்ட்ல பதினாலாம் பக்கம் எழுதியிருக்கேன். அதைப் பார்த்துத்தான் பர்மிஷனே குடுத்தா. நீர் ஒரு மாசத்துல முப்பத்தொண்ணு பாத்திருக்கீர்! அதுல ஒண்ணுக்கு உடல்வாகு வேற!”

“நல்ல உடல்வாகுதான் சார்.”

“வர வெள்ளிக்கிழமை டாக்டர் கீதான்னு ஒருத்தர் வரா. அரசாங்கக் கமிட்டி. கடல் ஜந்துக்கள்ல டாக்டர் பட்டம். அவா முன்னாடி இந்த உடல்வாகை எல்லாம் சொல்லும்.”

அன்று மாலை கோமதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“முதல்லயே ஒரு கண்ணாடி வாங்கி மாட்டியிருந்தா இந்தக் கூத்து உண்டுமா?”

“கண்ணாடி போட்டா, அன்னைக்கு எப்படிப் படிச்சன்னு கேப்பானுவளே!”

“அதுக்காகச் சாக்குக்குப் பேறுகாலம் பாப்பீங்களோ? தாயும் குட்டியுமாம்! எந்திரிங்க.”

தொண்ணூறடி ரோட்டில் ஒரு கடையில் கண்ணாடி தயாரானது. வியாழக்கிழமை, தார்ப்பாயின் மறைவில் நின்று, யாரும் பார்க்காதபடி மாட்டிக்கொண்டார். உலகம் சட்டென்று பக்கத்தில் வந்து நின்றது. அலைக்கு விளிம்பு இருந்தது. தூரத்தில் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்ததை டால்பினோ என்று நினைத்து இரண்டு தடவை கொடி தூக்கியிருக்கிறார், அது வெறும் மஞ்சள் மிதவை. சாக்கு சாக்காகவே வந்தது. டயர் டயராகவே போனது.

அன்று முழுக்கக் கொடி ஏறவில்லை. மிஷின் நிற்காமல் அடித்தது. கண்ணாடியும் போட்டு, கண் வலிக்கத் தேடியும் ஒரு டால்பின்கூட அவருக்கு அகப்படவில்லை. இதுவரை எழுதியதெல்லாம் பொய் என்று அவர் கண்ணே அவருக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டர் கீதா வந்தார். மேடைமேல் ஏறியதும் காதைப் பொத்திக்கொண்டார்.

“இந்தச் சத்தத்துல எப்படிப் பேசறது? எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. படகு இன்ஜினையும் சேத்து.”

தௌசீப் வாக்கி டாக்கியில் சொன்னான். எல்லாம் அடங்கியது. சுடலைக்கண்ணன் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு நின்றார். கீதா லேப்டாப்பைத் திறந்தார்.

“அந்த மஞ்சள் மிதவைக்கு அடியில ஒரு மைக் தொங்குது. போன மாசமே நான் போட்டு வெச்சது. டால்பின் தண்ணிக்குள்ள ‘டிக் டிக்’னு சத்தம் போடும். அது பதிவாகும். உங்க ரிஜிஸ்டரையும் அந்தப் பதிவையும் நேத்து வரைக்கும் நேரம் பார்த்து ஒப்பிட்டேன்.”

வெங்கடராமன் முகத்தில் தீபாவளி தெரிந்தது. சுடலைக்கண்ணனுக்கு வீட்டுப் பாத்திரங்கள் ஞாபகம் வந்தன.

“முப்பத்தொரு தடவை கொடி தூக்கியிருக்கீங்க. அதுல இருபத்தெட்டு தடவை, கொடி ஏறின கால்மணி நேரத்துக்குள்ள டால்பின் சத்தம் பதிவாகியிருக்கு.”

“என்னது?” என்றார் வெங்கடராமன்.

“என்னது?” என்றார் சுடலைக்கண்ணனும்.

“மீதி மூணு மைக்கோட கோளாறா இருக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், நேத்து இவர் கொடியே தூக்கலை. நேத்து வேலை நேரம் முழுக்க ஒரு டிக்கூடப் பதிவாகலை! சார், மைக்குக் கேக்கறதுக்கு முன்னாடியே அது வர்றது இவருக்குத் தெரியுது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை.”

தௌசீப் வாயைப் பிளந்தான். “க்யா பாத் ஹே அண்ணே! மாஃப் கரோ, நான்கூட உங்கள...”

கீதா ஒரு தாளை நீட்டினார். “மேற்குக் கடற்கரையில வேலை நடக்கிற பதினெட்டு துறைமுகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்திருக்கோம். அவங்களுக்கு நீங்கதான் பயிற்சி குடுக்கணும். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

தாளைச் சுடலைக்கண்ணன் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். ‘மேற்கண்ட முப்பத்தோரு முறையும் டால்பின்களை என் கண்ணால் கண்டேன்.’

பேனாவைத் திறந்தார். போட்டால் வேலை நிலைக்கும், மரியாதையும் கிடைக்கும். மைக்கே சாட்சி சொல்லிவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பதினெட்டுத் துறைமுகத்தில் பதினெட்டுப் பேர், இவரிடம் படித்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தார். அங்கெல்லாம் ஒரு குட்டி, முங்கத் தெரியாமல் முங்கிக்கொண்டு போகும். பேனா எழுத மறுத்தது. மூடி பையில் வைத்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.

“மேடம், எனக்குக் கண்ணு தெரியாது.”

“என்ன சொல்றீங்க?”

“தூரத்துல இருக்கது எதுவும் தெரியாது. பலகையில இருந்த எழுத்தக் காதால கேட்டுப் படிச்சேன். நான் பாத்ததுல பதினாறு சாக்கு, ஏழு டயர், மிச்சம் காக்காவும் உங்க மிதவையும். டால்பின ஒரு நாளும் பாத்ததில்ல.”

“பாத்தேளா! பாத்தேளா!” என்று துள்ளினார் வெங்கடராமன். “என் பதினாலாம் பக்கம் சரி! தௌசீப், இந்த ஆளை இப்பவே வெளியில அனுப்பு!”

“நில்லுங்க சார்,” என்றார் கீதா. “இவர் பார்த்தது சாக்குன்னா, மைக்குக்குக் கேட்டது என்ன? சாக்கு டிக் டிக்னு சொல்லுமா?”

மேடையின் அடியில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணாச்சி,” என்று பின்பக்கம் படகிலிருந்து பிச்சையாவின் குரல் வந்தது. “கண்ணாடிய மாட்டிட்டு இந்தப் பக்கம் திரும்புங்க.”

சுடலைக்கண்ணன் மாட்டினார். திரும்பினார்.

சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு எழுந்தது. கூன் விழுந்த முதுகு. புஸ்ஸென்று மூச்சு விட்டு முங்கியது. அதன் பின்னால் சின்னதாக இன்னொன்று. இந்தத் தடவை குட்டி சரியாக முங்கியது. அவருக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

கீதா லேப்டாப்பைக்கூட மறந்து நின்றார். “இன்னைக்கு யாருமே கொடி தூக்கலையே. பின்ன எப்படி வந்துச்சு?”

பிச்சையா பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான்.

“கொடியப் பாத்தா மேடம் ஓங்கல் வருது? மிஷின் வாய மூடுனா தன்னால வருது.”