துரை படகுக்கு ரெண்டு நம்பர்

நான் கடலுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்த சமயம். "நீ கடலைப் பார்த்திருக்கியா?" என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவன் நான். வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததால் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் சன்னாசி. பெயர் வைத்த அப்பாவுக்கு முன்யோசனை போதவில்லை. மயிலம்மாளைக் கட்டிக்கொண்டு பத்து வருஷமாகிறது. மலாயாவில், சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் முதலில் லோரியை எடுத்துக்கொண்டான். பிறகு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரை, பியானோவை, அவர் குளிக்கிற தொட்டியை. ரப்பர் வாங்க ஆளில்லை. பால் வெட்டப் போனவர்களெல்லாம் மரவள்ளி நட்டார்கள். காலையில் மரவள்ளி. மத்தியானம் மரவள்ளி. ராத்திரிக்கு ஒரு மாறுதலாக, மத்தியானம் மீந்த மரவள்ளி.

தோட்டத்தில் அவன் எடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. துரையின் படகு.

துரை ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்டிக்சன் கடலில் விடுகிற பாய்மரப் படகு அது. ரெண்டு சக்கர டிரேலரில் ஏற்றி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார். துரை ஓடிப்போன பிறகு ஜப்பான் சிப்பாய்கள் ஆறு பேர் அதைத் தள்ளிப் பார்த்தார்கள். படகு அசையவில்லை. ஆறு பேரும் அசந்து போனார்கள்.

"ஷெட்டு காலியாகணும். யாருக்கு வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி. நான் கையைத் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தங்கராஜண்ணனிடம் மாட்டுவண்டி ஒன்று இருந்தது. அவருடைய ரெண்டு மாடும் முக்கி முனகி, டிரேலரோடு படகைக் கொண்டுவந்து எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நிறுத்தின. மயிலம்மாள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"என்னங்க இது?"

"படகு."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"போர்ட்டிக்சனுக்கு இழுத்துக்கிட்டுப் போயி கடல்ல விடப் போறேன். மீன் புடிக்கப் போறேன். இனிமே இந்த வீட்டுல மரவள்ளிங்கிற பேச்சே கிடையாது."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"மீனுக்குத் தெரியும்."

"படகு கவுந்துச்சுன்னா?"

"கவுந்தாலும் மிதக்கும்லா. புடிச்சுக்குவேன்."

அவள் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உள்ளே சுருட்டிக் கிடந்த பாயைத் தொட்டுப் பார்த்தாள். பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பாசாரில் கத்தரிக்காய் பொறுக்குகிற அதே பார்வை.

"சரி, போங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"ஆனா சட்டப்படி போங்க. நம்பர் இல்லாத வண்டியை ரோட்டுல இறக்குனா காவலுக்கு நிக்கிற சென்ட்ரிக்காரன் உங்க கன்னத்துலேயே நம்பர் போட்டு அனுப்பிடுவான். வண்டி ஆபீஸ்லதான் நம்ம ராஜமாணிக்கண்ணன் இருக்காரே. நாளன்னிக்குப் போயிக் கேட்டுட்டு வாங்க."

"நாளைக்கே போறேனே?"

"நாளைக்கு நான் போர்ட்டிக்சனுக்குக் கீரை விக்கப் போறேன். சைக்கிள் எனக்கு வேணும்."

இராஜமாணிக்கம் அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வெள்ளைக்காரன் காலத்திலேயே வண்டி ஆபீஸில் கிராணி. ஜப்பான்காரன் காலத்திலும் அதே நாற்காலி. புதிதாகக் குனியக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓட்டினோம். போர்ட்டிக்சன் போய்ச் சேர்வதற்குள் என் பற்கள் ஒன்றோடு ஒன்று அறிமுகமாகிவிட்டன. வழியில் நின்ற சென்ட்ரிக்கு இடுப்பு வரை குனிந்தேன். நிமிர நேரமானது. மரியாதை என்று நினைத்துக்கொண்டான். இடுப்புப் பிடித்துக்கொண்டது எனக்குத்தானே தெரியும்.

"வாங்க மாப்ளே" என்றார் இராஜமாணிக்கம், நான் வருவேன் என்று தெரிந்தவர் போல. "மாட்டுவண்டி முன்னால, டிரேலர் பின்னால. அப்படித்தானே?"

"ஆமா மச்சான்."

"அப்ப ரெண்டு நம்பர் வேணும். இழுக்கிறதுக்கு ஒண்ணு. இழுபடுறதுக்கு ஒண்ணு."

"படகுக்கு?"

"ரோட்டுல போறப்ப படகு வெறும் சுமை. கடல்ல இறங்கிட்டா அது ஒரு வண்டி. அதுக்கு வேற ஆபீஸ், வேற நம்பர், வேற கிராணி."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில் ஒரு தோப்பே தேவைப்பட்டது.

"குறைக்க வழியில்லையா மச்சான்? மயிலு உங்க தங்கச்சிலா."

அவர் கண்ணை மூடி யோசித்தார். எதையோ மனப்பாடமாக ஒப்பிப்பது போலச் சொன்னார். "சுமை பத்து பிக்குலுக்குக் கீழ இருந்தா பாதிப் பணம் கட்டுனாப் போதும். படகோட கனத்தைக் குறைங்க மாப்ளே."

அவர் சொன்னது பிக்குல். எடைக்கணக்கு. என் காதில் விழுந்தது பிக்கல். அதுதான் பின்னால் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மயிலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"முதல்ல அந்தப் பாயை எடுத்துடுவோம். மடிச்சு வச்சாலே ஒரு ஆள் கனம்."

பாய் போயிற்று. மறுநாள் கீரை விற்றுவிட்டு வந்து, "அண்ணனைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் குறையணுமாம்" என்றாள். உட்காரும் பலகைகள் போயின. அதற்கு மறுநாள், "இன்னும் கொஞ்சமாம்." கயிறு போயிற்று. பாய்மரம் போயிற்று. நங்கூரம் போயிற்று. தினமும் தங்கராஜண்ணன் படகின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனம்தான்" என்று உதட்டைப் பிதுக்குவார்.

கழற்றியதெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. காரணம், காலையில் குளிக்கப் போனபோது எங்கள் குளிப்பறைக்குக் கதவு இருந்தது. பத்து வருஷமாக இல்லாத கதவு. பாய்மரத்தில் ஜாக்கெட்டு காய்ந்தது. நங்கூரத்தில் எங்கள் ஆடு கட்டியிருந்தது. அந்த ஆட்டை இனி புயல் வந்தாலும் அசைக்க முடியாது.

"மயிலு, பாய் எங்க?"

"எந்தப் பாய்? படுக்கிற பாயா?"

"படகுப் பாய்!"

"அதைப் பாய்கிட்ட குடுத்துட்டேன்."

"பாயைப் பாய்கிட்ட குடுத்தியா? எந்தப் பாய்?"

"தையக்கடை ஜலீல் பாய். இங்க கிடந்தா மழையில நனைஞ்சு பூஞ்சை புடிச்சுடும்ல?"

அப்துல் ஜலீல் பாய் அதை மிகப் பத்திரமாக வைத்திருந்தார். துண்டு துண்டாக. அது துணி என்ற சொல்லே மறந்துபோன காலம். பாதித் தோட்டம் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தது. அடுத்த வாரம் எங்கள் லயமே வெள்ளை வெளேரென்று நடமாடியது. மயிலம்மாள் கையைத் தூக்கினால் ஜாக்கெட்டு படபடவென்று சத்தம் போட்டது. தங்கராஜண்ணன் ஒரு கால்சட்டை போட்டிருந்தார். ஓரத்தில் வரிசையாகப் பித்தளை வளையம். காற்றடிக்கும்போது அவர் கொஞ்சம் வேகமாக நடப்பதாக எனக்குத் தோன்றியது.

"இதெல்லாம் என் படகு!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. உங்களுக்கும் ரெண்டு தைச்சிருக்கு" என்று ஒரு கால்சட்டையை நீட்டினாள்.

போட்டுப் பார்த்தேன். ஒரு வருஷமாகக் கோணியில் சொறிந்துகொண்டிருந்தவனுக்கு அது பட்டு. கோபம் இடுப்பு வரைதான் வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை.

"பாய் இல்லாம படகு எப்படி ஓடும்?" என்று முனகினேன்.

"துடுப்பு இருக்குல்ல. ஆம்பளைதானே நீங்க?"

ஆம்பளை என்று ஒப்புக்கொண்டேன்.

ஒருவழியாக, "கனம் குறைஞ்சது போதும்னு அண்ணன் சொல்லிட்டாரு" என்று செய்தி வந்தது. பாயில் தைத்த துணிகளை விற்ற பணத்தை முடிந்து என் கையில் கொடுத்தாள். மறுபடி கயிற்றுச் சைக்கிள். மறுபடி சென்ட்ரி. மறுபடி இடுப்பு.

"டிரேலரை யார் பேர்ல பதியறது?" என்றார் இராஜமாணிக்கம்.

"என் பேர்லதான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வேணாம் மாப்ளே. வேலையில்லாத ஆம்பளைங்க பேரு எங்கெங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்காங்க. சயாம் காட்டுல போடுற ரயில் பாதைக்கு ஆள் பத்தலையாம்."

பக்கத்துத் தோட்டத்திலிருந்து லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை.

"மயிலு பேர்லயே போடுங்க" என்றேன்.

நல்ல தடித்த தகரத்தில் ரெண்டு நம்பர். கழுத்தில் மாட்டிக்கொண்டு தாளம் போட்டபடியே வீடு வந்தேன். "மயிலு! நாளைக்குக் கடல்!" என்று கூவிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் ஓடினேன்.

படகு தரையில் உட்கார்ந்திருந்தது. லயத்துப் பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, மீசையும் கீசையுமாக, கெளுத்தி மீன்கள். ஒன்று என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. நானும் அதையேதான் செய்தேன்.

"என்னடி இது?"

"தண்ணியில படகு விடணும்னீங்க. நான் படகுல தண்ணி விட்டேன். நீங்க மீனைத் தேடிக் கடலுக்குப் போறதுக்குப் பதிலா, மீனு உங்களைத் தேடி வீட்டுக்கு வந்துடுச்சு."

"அப்ப இந்த நம்பர்? டிரேலர்?"

டிரேலர் கழுவித் துடைத்து நின்றது. அதன்மேல் கீரைக்கட்டு, மரவள்ளி, பூசணிக்காய். "சுவா பாசாருக்கு" என்றாள். "தலையில கூடை தூக்கித் தூக்கி எனக்குக் கழுத்தே உள்ள போயிடுச்சு."

"படகு போகலேன்னா கனத்தை எதுக்குக் குறைச்சோம்? அந்தப் பத்து பிக்குல் சட்டம்?"

"அப்படி ஒரு சட்டமே கிடையாதுங்க."

"மச்சான்தானே சொன்னாரு!"

"நான்தான் அண்ணனைச் சொல்லச் சொன்னேன்."

ஜப்பான் சக்கரவர்த்தி போட்ட சட்டம் என்று நினைத்து நான் ஆணி ஆணியாகக் கழற்றியிருக்கிறேன். போட்ட சக்கரவர்த்தி என் எதிரில் கரண்டியோடு நின்றாள்.

கடைசி நம்பிக்கையாகத் தங்கராஜண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, மாடு?"

"என் மாட்டுக்கு நம்பர் கட்டாதே சன்னாசி. நம்பரு கட்டுனா எண்ணிக்கையில வந்துடும். எண்ணிக்கையில வந்தா ஜப்பான்காரன் வயித்துக்குள்ள போயிடும்."

"அப்ப டிரேலரை யாரு இழுக்கிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆடுகூட என்னைத்தான் பார்த்தது.

மறுநாள் முதல் சுவா ரோட்டில் நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். டிரேலருக்குப் பின்னால் ஒரு நம்பர். என் முதுகில் ஒரு நம்பர். சட்டம் சட்டம்தானே. பாசார்க்காரர்கள் சிரித்தார்கள். சீனத்துக் கடைக்காரர் ஒருவர் என் நம்பரைப் பார்த்து லாட்டரி கட்டியதாகக் கேள்வி.

ஒரு வாரம் போயிருக்கும். பாசாருக்குப் போகிற வழியில், ரோட்டு முக்கில் ஒரு லோரி நின்றது. நான் முன்னே ஓட்டின லோரியேதான். அதன் முகத்தை எனக்குத் தெரியாதா? பின்னால் எங்கள் தோட்டத்து ஆண்கள் சிலர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஜப்பான்காரன் கையை நீட்டி என்னை நிறுத்தினான். நான் இடுப்பு வரை குனிந்தேன்.

அவன் என் முதுகு நம்பரைப் பார்த்தான். டிரேலர் நம்பரைப் பார்த்தான். ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தான். மயிலம்மாள் முன்னால் வந்து, தரையைத் தொடுவது போலக் குனிந்து, "பாசார், பாசார்" என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. அவன் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு, போ என்று கையை வீசினான்.

வளைவு தாண்டினோம். வண்டி வழக்கத்தைவிட லேசாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் மயிலம்மாள் தள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தள்ளினாள்.

"ஏன் விட்டான் மயிலு?"

"ஊருக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோற நம்பர் வண்டிக்காரங்களைச் சயாமுக்குப் புடிக்கிறதில்லையாம். அண்ணன் சொன்னாரு. கடலுக்குப் போறேன்னு நீங்க குதிச்ச அன்னிக்கே நான் போயிக் கேட்டு வைக்கலாம்னு நினைச்சேன். மறுநாளே கேட்டுட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். பாசார் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்தேன். அன்றைக்கு மத்தியானம் படகிலிருந்து ரெண்டு கெளுத்தியைப் பிடித்துக் குழம்பு வைத்தாள். அந்தக் குழம்புக்கு மரவள்ளிகூட நன்றாகத்தான் இருந்தது. இந்த வீட்டுக்கு நான் எவ்வளவு முக்கியமானவன் என்று நினைத்து நெஞ்சு நிமிர உட்கார்ந்திருந்தேன். அப்போது தங்கராஜண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நாளைக்கு ஒரு நடை மரவள்ளி ஏத்தணும். என் மாட்டை ரோட்டுல இறக்க முடியாது. வண்டி வாடகைக்குக் கிடைக்குமா?"

"தாராளமா எடுத்துக்கங்கண்ணே."

"சன்னாசியும் வருவான்ல?"

மயிலம்மாள் என்னை ஏற இறங்க ஒரு முறை பார்த்தாள்.

"வரும். ஆனா தீனி நீங்கதான் போடணும்."